தேய்க்கும் முன் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் பெரியப்பா நாற்பது வருஷமாகப் பழைய ராணுவச் சாமான்கள் சேர்த்தவர். போன வருஷம் காலமாகிவிட்டார், அவருடைய தகரப் பெட்டி இப்போது என்னிடம். ஒட்டும் பக்கங்கள் வைத்த ஆல்பத்தில் அறுபது போர்க்காலத் தபால் அட்டைகள் இருக்கின்றன, பாதிக்கு மேல் ஸ்டாம்பே இல்லை, நாலைந்து அட்டைகளில் பட்டுத்துணியில் பூத்தையல். ஒரே ஆள் பெயரில் மூன்று பிரிட்டிஷ் பதக்கங்கள், ஆனால் ஒன்றில் பதவி சாதாரணச் சிப்பாய், மற்ற இரண்டில் சார்ஜென்ட். ஜெர்மன் இரும்புச் சிலுவை ஒன்று, தொப்பிச் சின்னங்கள், ஒரு திசைகாட்டி, வாயு முகமூடி, பூ வேலை செய்த பித்தளைக் குடுவை. எது அசல், எது போலி? எல்லாவற்றையும் பாலிஷ் போடலாமா? என்ன விலை போகும்? பின்குறிப்பு: அன்னாசிப்பழம் மாதிரி ஒரு இரும்பு உருண்டையும் இருக்கிறது, ஆட்டினால் உள்ளே ஏதோ உருளுகிறது.

பதில்: உங்கள் பின்குறிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இனி அதை ஆட்டாதீர்கள், தொடவே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மில்ஸ் கையெறி குண்டாக இருக்கலாம். 1915-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது, அப்புறம் பல பத்தாண்டுகள் பல நாட்டுப் படைகளில் புழங்கியது. பயிற்சிக்கென்று செய்தவற்றில் உடம்பிலேயே துளை போட்டிருப்பார்கள், ஆனால் துளை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதைக் கையில் எடுத்துத் திருப்ப வேண்டாம், அது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. நூறு வருஷம் ஆயிற்றே, மருந்தெல்லாம் செத்துப்போயிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சாவதில்லை, சில சமயம் வயதாக ஆக இன்னும் தொட்டாற்சுருங்கியாக ஆகிவிடும். பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, போலீஸுக்கு போன் செய்யுங்கள். வெடிகுண்டுப் பிரிவு வரட்டும். அதைப் பையில் போட்டுக்கொண்டு நீங்களே ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடாதீர்கள், அப்படிக் கிளம்பினவர்கள் நிஜமாகவே உண்டு. போன் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள், நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

சரி. அதே பெட்டியில் இன்னும் இரண்டு சாமான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் அவற்றைச் சந்தேகப்படுவதில்லை. திசைகாட்டியின் எண்களிலும் முள்ளிலும் பழுப்பு மஞ்சளாகப் பெயின்ட் இருக்கிறதா? இருட்டில் தெரிவதற்காக அந்தக் காலத்தில் ரேடியம் கலந்து பூசினார்கள். இப்போது ஒளிரவில்லை என்பதால் வீரியம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒளிரும் பொருள்தான் களைத்துப்போயிருக்கிறது, ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். கண்ணாடி உடையாமல் இருக்கிற வரை தனியாக ஒரு டப்பாவில் வைத்தால் போதும். திறக்காதீர்கள், அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். வாயு முகமூடியை யாரும் மாட்டிப் பார்க்கவும் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் பொதுமக்களுக்குக் கொடுத்த முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, வேறு நாட்டு முகமூடிகளிலும் உண்டு. கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். போட்டோ எடுக்கும்போது மாட்டிக்கொண்டு போஸ் கொடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது.

இனி பாலிஷ். வேண்டாம். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், முதன்முதலாகச் சொந்தக் காசில் வாங்கிய தொப்பிச் சின்னத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன், கண்ணைக் கூசுகிற மாதிரி ஆக்கி எடுத்துக்கொண்டு போய் என் மேலதிகாரியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல ஸ்பூன்" என்றார். நூறு வருஷக் கருப்பு ஒரே மதியத்தில் போயிற்று, அது திரும்பி வராது. பதக்கத்தைத் தேய்த்தால் விளிம்பில் பொறித்த பெயரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அந்தப் பெயர் போனால் அது யாருடையது என்பதே போயிற்று. ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிப்பாய்களே தங்கள் சின்னங்களைத் தினமும் பளபளவென்று வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணிவகுப்பில் திட்டு விழும். அதனால் நிஜமாகப் புழங்கிய சின்னத்தில் மேடான இடமெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று தேய்ந்திருக்கும், பள்ளங்களில் மட்டும் பழைய அழுக்கு உறைந்திருக்கும். மேடு பள்ளம் எல்லாம் கூர்மையாக, ஆனால் மேலே ஒரே சீராகக் கருப்பாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். யாரோ ரசாயனத்தில் முக்கிக் கிழடாக்கியிருக்கிறார்கள்.

தொப்பிச் சின்னங்களின் முன்பக்கத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், நீங்கள் திருப்பிப் பாருங்கள். தகட்டை அச்சில் வைத்து அடித்துச் செய்தவற்றின் பின்பக்கம் குழிவாக, முன்னால் உள்ள உருவத்தின் எதிர்ப்பதிவு மாதிரி தெளிவாக இருக்கும். உருக்கி ஊற்றிச் செய்த நகல்களின் பின்பக்கம் தட்டையாக, மணல் மணலாக, சின்னச் சின்னக் குமிழித் துளைகளோடு இருக்கும். பழைய அச்சையே கைப்பற்றிப் பின்னாளில் அடித்து விற்றவையும் ஏராளம், அவற்றைப் பிரித்தறிய அனுபவம்தான் வேண்டும், ஒரு கடிதத்தில் சொல்லித்தர முடியாது.

பிரிட்டிஷ் சின்னங்களிலும் பொத்தான்களிலும் கிரீடம் இருந்தால் காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம். வளைவுகள் இரண்டு பக்கமும் உருண்டு மேலே ஏறி, மேடாகக் கூரை போட்டது மாதிரி இருந்தால் அது ராஜா கிரீடம், 1901-க்கும் 1952-க்கும் இடையில் ஆண்ட ராஜாக்களின் காலத்தது. நடுவில் அந்த வளைவுகள் தாழ்ந்து பள்ளம் விழுந்திருந்தால் இரண்டாம் எலிசபெத் காலம், அதாவது உலகப் போர்கள் முடிந்த பிறகு வந்தது. "முதல் உலகப் போர்" என்று சீட்டு ஒட்டி விற்கிற எத்தனையோ சின்னங்கள் இந்த ஒரு பள்ளத்தில் விழுந்துவிடும். இதில் புதுச் சிக்கல் ஒன்றும் வந்திருக்கிறது. மூன்றாம் சார்லஸ் 2022-இல் பழைய உருண்டைக் கிரீடத்தையே மறுபடி தேர்ந்தெடுத்துவிட்டார், ஆக நேற்று அடித்த பொத்தானும் இனி பழைய கிரீடத்தோடு வரும்.

இப்போது உங்கள் மூன்று பதக்கங்கள். நட்சத்திரம் ஒன்று, ராஜா தலை போட்ட வெள்ளி ஒன்று, இறக்கை வைத்த பெண் உருவம் உள்ள வெண்கலம் ஒன்று, அதற்கு வானவில் மாதிரி ரிப்பன். சரியா? முதல் உலகப் போரின் வழக்கமான மூவர் கூட்டம் இது: 1914-15 நட்சத்திரம், பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம். நட்சத்திரத்தில் சாதாரணச் சிப்பாய் என்றும் மற்ற இரண்டில் சார்ஜென்ட் என்றும் இருக்கிறது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். கவலைப்பட வேண்டியதில்லை, சொல்லப்போனால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. நட்சத்திரத்தில் அந்த ஆள் முதன்முதலில் போர்முனைக்குப் போனபோது இருந்த பதவியைப் பொறிப்பார்கள். மற்ற இரண்டிலும் அப்புறம் எட்டிய பதவி வரும். போனபோது சிப்பாய், முடியும்போது சார்ஜென்ட், அவ்வளவுதான். போலி செய்கிறவன் மூன்றிலும் ஒரே மாதிரிதான் போடுவான். சார்ஜென்ட் என்பதை எஸ்-ஜே-டி என்று சுருக்கியிருந்தால் அதையும் பிழை என்று நினைக்காதீர்கள், அக்காலத்துப் பதக்கங்களில் அந்தச் சொல்லை 'ஜே' போட்டுத்தான் எழுதினார்கள். வெற்றிப் பதக்கத்தில் 1914-1919 என்று இருப்பதைப் பார்த்து "போர் 1918-இலேயே முடிந்துவிட்டதே, இது டூப்ளிகேட்" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். ஜெர்மனியோடு போரை முறைப்படி முடித்த வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூனில், அந்த வருஷத்தையும் சேர்த்துத்தான் அடித்தார்கள்.

சோதிக்க வேண்டியது எழுத்தையும் விளிம்பையும். பெயரும் எண்ணும் நட்சத்திரத்துக்குப் பின்பக்கத்தில், வட்டப் பதக்கங்களுக்கு விளிம்பில். எழுத்துகள் ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்தவையாக இருக்க வேண்டும், ஊசியால் கீறி எழுதிய மாதிரி இருக்கக் கூடாது. பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு மதிப்புள்ள வேறு ஒரு பெயரைப் பொறிக்கிற வித்தை நூறு வருஷமாக நடக்கிறது. வெர்னியர் காலிப்பர் எடுத்துக் குறுக்களவைப் பல இடங்களில் அளந்து பாருங்கள், வெள்ளிப் பதக்கம் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ராவியதென்றால் அளவு குறையும், அல்லது ஒரு பக்கம் மட்டும் குறையும். உருக்கி வார்த்த நகலும் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால். இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்கள் கையில் வந்தால் கணக்கு வேறு: பிரிட்டிஷ் படையினருக்கு அவற்றைப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள், இந்திய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கப் படைகளுக்குப் பெயரோடு கொடுத்தார்கள். பெயரில்லாத வரிசையை யார் வேண்டுமானாலும் கோத்து, ஒரு கதையும் சேர்த்து விற்கலாம். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இரும்புச் சிலுவை பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள், உலகத்தில் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்ட சாமான்களில் அதுவும் ஒன்று. அசல் வழக்கமாக மூன்று துண்டு: நடுவில் கருப்பு இரும்பு, அதைச் சுற்றி முன்னும் பின்னும் வெள்ளிச் சட்டம், சட்டம் சேருகிற கோடு லென்ஸில் தெரியும். காந்தம் ஒட்டும். ஒட்டவில்லை என்றால் உடனே தூக்கிப் போடாதீர்கள், காந்தம் பிடிக்காத நடுவோடு செய்த அசலும் உண்டு. ஒட்டிவிட்டது என்பதால் கொண்டாடவும் வேண்டாம். நாஜிக் காலத்துச் சாமான்களில் புதிதாகச் சேர்க்கிறவர்கள் இறங்கவே கூடாது என்பது என் கருத்து, போலி மலிந்து கிடக்கிறது, போதாததற்குச் சட்டச் சிக்கல். ஜெர்மனியில் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொதுவில் காட்டுவதே குற்றம், வேறு சில நாடுகளிலும் கட்டுப்பாடு உண்டு, விற்பதற்கோ அனுப்புவதற்கோ முன்னால் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளைக் குடுவை அநேகமாகப் பீரங்கிக் குண்டின் வெற்று உறையில் செய்தது. குண்டுப் பிரிவு வரும்போது அதையும் காட்டிவிடுங்கள், காலியென்று அவர்கள் சொன்ன பிறகு கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், தொழிற்சாலைப் பெயரோ குறியோ, மாதமும் வருஷமும் அடித்திருக்கும். ஆனால் அந்தத் தேதி உறை செய்த தேதி, பூ வேலை செய்த தேதி இல்லை. பதுங்குகுழிக் கலை, அதாவது சிப்பாய்கள் போர்க்களத்தில் கிடைத்ததை வைத்துச் செய்த கைவேலை, என்று விற்பதில் கணிசமான பங்கு போர் முடிந்து போர்க்களத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்காக 1920-களில் பட்டறைகளில் செய்தது. அதனால் அழகு குறையாது, கதைதான் மாறும்.

தபால் அட்டைகளுக்கு வருகிறேன், உங்கள் பெட்டியில் நிஜமான செல்வம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பதக்கம் லட்சக்கணக்கில் அடித்தது, அட்டையின் முன்பக்கப் படமும் ஆயிரக்கணக்கில் அச்சிட்டது. பின்பக்கம் ஒருவர் இன்னொருவருக்கு ஒரே ஒரு தடவை எழுதியது.

ஸ்டாம்பு இல்லாததைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். போர்முனையிலிருந்து சிப்பாய் எழுதினால் பல நாடுகளில் தபால் இலவசம். பிரிட்டிஷ் ஆள் என்றால் மேலே "போர்ப்பணியில்" என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகள், ஓ-ஏ-எஸ், பேனாவால் கிறுக்கியிருக்கும். ஜெர்மன் அட்டையில் ஃபெல்ட்போஸ்ட் என்ற சொல், பிரெஞ்சு அட்டையில் எஃப்-எம் என்ற எழுத்துகள். ஸ்டாம்புக்குப் பதில் களத் தபால் நிலைய முத்திரையும், சிவப்பிலோ கருப்பிலோ ஒரு தணிக்கை முத்திரையும் இருக்கும். பிரிட்டிஷ் தணிக்கை முத்திரைகள் வட்டம், சதுரம், முக்கோணம், அறுகோணம் என்று காலத்துக்குக் காலம் வடிவம் மாறின, ஆகவே வடிவத்தை வைத்தே வருஷத்தை நெருங்கலாம். மூலையில் புரியாத கையெழுத்து இருந்தால் அது அனுப்பியவருடையதாக இருக்க வேண்டியதில்லை, தன் ஆட்களின் கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்த அதிகாரியின் கையெழுத்தாக இருக்கலாம். ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அந்த அதிகாரியின் பெயரைத் தங்கள் தாத்தாவின் பெயர் என்று நம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன், சொல்வதற்கே சங்கடமாக இருந்தது.

ஊர் பெயர் எங்கும் இருக்காது, எழுதத் தடை. களத் தபால் நிலையத்தின் எண்தான் துப்பு, அந்த எண் எந்தத் தேதியில் எந்தப் படைப்பிரிவோடு இருந்தது என்பதற்குப் பட்டியல்கள் உண்டு. முதல் உலகப் போர் ஜெர்மன் அட்டைகளில் படைப்பிரிவின் ரப்பர் முத்திரையே பல சமயம் இருக்கும். இரண்டாம் போரில் அதை மறைத்துவிட்டு எண்ணை மட்டும், வழக்கமாக ஐந்து இலக்கத்தில், போட்டார்கள். அந்த ஜெர்மன் எழுத்தைப் பார்த்து "கோழி கிளறியது மாதிரி" என்று பலர் கைவிட்டுவிடுவார்கள். அது குரெண்ட், ஸூட்டர்லின் வகைக் கையெழுத்து, 1941-இல் நிறுத்தும் வரை பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஜெர்மன் தெரிந்த இளைஞர்களுக்கே அது படிக்க வராது, எழுத்து அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் உங்களுக்குப் பிடிபடும்.

பட்டுத் தையல் அட்டைகள் பெரும்பாலும் முதல் உலகப் போரின்போது பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் செய்தவை, நீள நாடாவாகத் தைத்து, வெட்டி, அட்டைச் சட்டத்தில் ஒட்டினார்கள். அவற்றின் பின்னால் முத்திரை இல்லாததும் சகஜம்தான், அழுக்காகிவிடும் என்று உறைக்குள் போட்டு அனுப்பினார்கள். சில அட்டைகளில் பட்டு மடிப்புக்குள் பை மாதிரி இருக்கும், விரலை விடாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், உள்ளே குட்டி வாழ்த்துச்சீட்டு இன்னும் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

படமே இல்லாத, அச்சடித்த வரிகள் மட்டும் உள்ள பழுப்பு அட்டை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை "வெறும் ஃபாரம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். ராணுவப் படிவம் ஏ 2042, சிப்பாய்கள் லட்சக்கணக்கில் அனுப்பியது. நலமாக இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது என்று வரிகள் அச்சாகியிருக்கும், வேண்டாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் மட்டும் போடலாம், வேறு ஒரு வார்த்தை சேர்த்தாலும் அட்டையை அழித்துவிடுவோம் என்று மேலேயே எச்சரிக்கை இருக்கும். எதை அடித்தார்கள், எதை விட்டார்கள் என்பதுதான் செய்தி. "கடிதம் கிடைத்தது" என்பதை அடித்துவிட்டு, வெகு நாளாகக் கடிதமே வரவில்லை என்ற வரியை மட்டும் அடிக்காமல் விட்ட ஒரு அட்டையை நான் பட்டியல் போட்டிருக்கிறேன், ஒரு சொல் எழுதாமலே அத்தனை கோபம். அதேபோல இரண்டாம் போர்க்காலத்து ஜெராக்ஸ் மாதிரி தோன்றுகிற குட்டிக் கடிதம் கிடைத்தால் நகல் என்று நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம், அதுதான் அசல். அமெரிக்காவின் வி-மெயில் 1942-இல் தொடங்கியது, பிரிட்டனின் ஏர்கிராஃப் அதற்கு ஒரு வருஷம் முன்பு. கடிதத்தைப் படம் பிடித்து மைக்ரோஃபிலிமாக விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் சின்னதாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சம் கடிதங்களுக்கு 37 தபால் மூட்டை தேவைப்பட்ட இடத்தில் ஒரே மூட்டை போதுமாயிற்றாம்.

அட்டை அசல்தானா என்று பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். படத்தில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது, அதுவும் அக்காலத்ததாக இருக்கலாம், 1916-இல் டெய்லி மெயில் பத்திரிகை வெளியிட்ட அதிகாரபூர்வப் போர் அட்டைகள், எட்டு எட்டாக 22 தொகுதி, மொத்தம் 176, எல்லாம் அச்சடித்தவைதான். புள்ளியே இல்லாமல் நிழல் வழிந்து ஓடினால் நிஜப் புகைப்பட அட்டை. கன்னாபின்னாவென்று வண்ணத் துளிகள் தெளித்த மாதிரி இருந்தால் வீட்டுப் பிரின்டர். பழைய புகைப்படத்தைச் சாய்த்துப் பிடித்தால் கருப்பான ஓரங்களில் வெள்ளி மினுக்கம் தெரியும், அது வயதின் அடையாளம். இருட்டறையில் புற ஊதா விளக்கு காட்டினால் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னுகிற காகிதம் சுமார் 1950-க்குப் பிறகு வந்தது, வெளுப்பூட்டும் ரசாயனம் கலந்தது. பின்பக்கம் நடுக்கோடு போட்டு ஒரு பாதி செய்திக்கு, ஒரு பாதி முகவரிக்கு என்று பிரித்தது பிரிட்டனில் 1902-இல், பிரான்ஸில் 1904-இல், ஜெர்மனியில் 1905-இல், அமெரிக்காவில் 1907-இல் அனுமதிக்கப்பட்டது. கோடே இல்லாமல் முழுப் பின்பக்கமும் முகவரிக்கே என்றிருந்தால் நீங்கள் பார்ப்பது தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போர்க்காலத்து அட்டையாகக்கூட இருக்கலாம், அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஸ்டூடியோவில் எடுத்த சிப்பாய்ப் படங்களில் முகத்தை விட்டுவிட்டு முதலில் கையைப் பாருங்கள். பிரிட்டிஷ் சீருடையில் மேல்கைப் பட்டை பதவியைக் காட்டும். இடது முன்கையில் செங்குத்தாகச் சின்னப் பித்தளைக் கோடு இருந்தால் காயம்பட்டவர், அந்த வழக்கம் வந்ததே 1916-இல், ஆக படமும் அதற்குப் பிந்தியது. வலது முன்கையில் குட்டிக் குட்டியாகக் கூரை வடிவப் பட்டைகள் இருந்தால் வெளிநாட்டுப் போர்முனையில் கழித்த வருஷங்கள், அது 1918-இல் வந்தது. ஜாக்கெட்டில் அகலமான வெள்ளைக் காலர் மடிப்பு, டை, தொளதொளவென்று வெளிறின சூட், அவர் வேட்டைக்காரரும் இல்லை, கோமாளியும் இல்லை, ராணுவ ஆஸ்பத்திரி நோயாளி. அந்த உடை நிஜத்தில் நீலம், டை சிவப்பு. அந்தக் காலத்துப் படச்சுருளுக்கு நீலம் வெளிறித் தெரியும், சிவப்பும் மஞ்சளும் கருத்துப்போகும், இது தெரியாமல் படத்தில் உள்ள ரிப்பனை வைத்துப் பதக்கத்தைக் கண்டுபிடிக்கப் போனால் தலைகீழாகத்தான் முடியும். ஜெர்மன் படமென்றால் தோள்பட்டையில் படைப்பிரிவு எண்ணைத் தேடுங்கள். "தாக்குதல் நடக்கிறது" என்று தலைப்புப் போட்ட அட்டைகளில் பல, போர்முனைக்குப் பின்னால் பயிற்சியின்போது எடுத்தவை, தலைப்பை நம்பாதீர்கள்.

பெயர் கிடைத்துவிட்டதா, தேடுங்கள், ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு தேடுங்கள். பிரிட்டனின் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணி ஆவணங்களில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோயின, அமெரிக்காவில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகம் தீப்பிடித்து 1.6 கோடிக்கு மேற்பட்ட கோப்புகள் போயின. ஆவணம் இல்லை என்றால் ஆளே இல்லை என்று ஆகாது. யாருக்கு எந்தப் பதக்கம் என்று குறித்து வைத்த பிரிட்டிஷ் பதக்க அட்டவணைச் சீட்டுகள் தப்பின, உங்கள் சார்ஜென்ட்டை அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். இறந்தவரென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல், முதல் போரில் கைதியானவரென்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் கைதிகள் சீட்டுகள், இரண்டும் இணையத்தில் இலவசம். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அவர்களுடைய அரசுத் தளம் உண்டு. சிப்பாய் செல்லப்பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் முகவரியில் உள்ள அம்மாவின் குடும்பப்பெயர் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அந்த ஒட்டும் ஆல்பம் அட்டைகளுக்கு எதிரி, பசை வருஷா வருஷம் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே போட்டோ எடுங்கள், பெரியப்பா வைத்த வரிசையே ஒரு தகவல். அப்புறம் பல்லிடுக்கில் விடும் நூலை அட்டைக்கு அடியில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வருகிறதென்றால் சரி, அடம் பிடித்தால் ஆல்பத்தின் தாளையே சுற்றி வெட்டி அட்டையோடு வைத்துவிடுங்கள். ஹேர் டிரையர், ஆவி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஸ்டாம்பைப் பிரித்து எடுக்கவே கூடாது, முத்திரையில் பாதி ஸ்டாம்போடு போய்விடும். செல்லோடேப்பும் லேமினேஷனும் கனவிலும் வேண்டாம். பாலியெஸ்டர் உறை ஒவ்வொன்றுக்கும், பிவிசி உறை கூடாது, அமிலமில்லாத பெட்டி, எண் போட மென்மையான பென்சில். பதக்க ரிப்பன் நைந்திருந்தால் நையட்டும், புது ரிப்பன் மாற்ற வேண்டாம்.

விலை கேட்டீர்கள். பார்க்காமல் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. வெள்ளிப் போர்ப் பதக்கம் சுமார் 65 லட்சம் கொடுக்கப்பட்டது, வெற்றிப் பதக்கம் 57 லட்சம், நட்சத்திரம் 23 லட்சத்துக்கும் மேல், ஆக அபூர்வம் என்று எதுவுமில்லை. வெள்ளி விலை ஏறினபோதெல்லாம், முக்கியமாக 1980 வாக்கில், வெள்ளிப் பதக்கங்களை உருக்கிவிட்டார்கள், அதனால்தான் இன்று ஜோடியைப் பிரிந்த வெற்றிப் பதக்கங்கள் இத்தனை அனாதையாகக் கிடைக்கின்றன. உங்களிடம் மூன்றும் ஒரே ஆள் பெயரில் ஒன்றாக இருக்கின்றன. வியாபாரி ஒருவர் வந்து "நட்சத்திரத்தை மட்டும் கொடுங்கள்" என்று கேட்பார், நிச்சயம் கேட்பார். கொடுக்காதீர்கள். அந்தப் பதக்கங்களோடு ஒரு அட்டையாவது அதே ஆளுடையதாக இருந்துவிட்டால் நிலைமையே வேறு, அதனால் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கும் வரை எதையும் விற்க வேண்டாம். பெரியப்பா எங்கே, யாரிடம் வாங்கினார் என்று எழுதிய நோட்டோ ரசீதோ சீட்டோ பெட்டியின் அடியில் கிடக்கிறதா பாருங்கள். குப்பை என்று வீட்டில் யாராவது எறிந்திருந்தால் இன்றைக்கே கேட்டு மீட்டெடுங்கள்.

குண்டுப் பிரிவு வந்து போன பிறகு, நட்சத்திரத்தின் பின்பக்கத்தையும் இரண்டு பதக்கங்களின் விளிம்பையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், மேஜை விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். அந்தப் படைப்பிரிவு எண்ணும் அட்டைகளில் உள்ள களத் தபால் எண்களும் எங்கேயாவது சந்திக்கின்றனவா என்று சேர்ந்து பார்ப்போம்.